ஸ்பெயினில் ஒரு வருசம் இருந்தால் ஸ்பானிஷ் தானாக வருமோ?

பாலைப்பழம் (கிளிநொச்சி) கேட்டது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். செப்டெம்பரில் சலமாங்காவுக்கு ஒரு வருச முதுகலைப் படிப்புக்குப் போறன். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான். எண்டாலும் ஒரு வருசம் அங்கை இருந்துபோட்டு ஸ்பானிஷ் தெரியாமல் திரும்பி வர விருப்பமில்லை. இப்போதைக்கு 'ஓலா', 'கிராசியாஸ்' மட்டும்தான் கைவசம்.

இஞ்சை ஸ்பானிஷ் வகுப்பு ஒண்டும் இல்லை. இன்னும் ஐந்து மாசம் இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். அதுக்குள்ளை எதைப் படிக்கிறது? அங்கை போய் ஒரு குடும்பத்தோடை தங்கிறதோ, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கிற வீட்டில் அறை எடுக்கிறதோ? கேக்கிற ஆக்கள் எல்லாம் 'போனால் தானாக வரும்' எண்டுகினம். ஒருத்தர் முதலில் குவாத்தமாலா போய் மலிவாகப் படிச்சிட்டு ஸ்பெயினுக்குப் போகச் சொல்லுறார். சரிவருமோ? மற்றது, நான் மாடும் பன்றியும் சாப்பிடுறதில்லை, வெள்ளியில் மச்சமே இல்லை.


இரணைமடு_கட்டு:

தங்கச்சி, தானாக வராது. வெள்ளவத்தையில் இருவது வருசம் இருந்தும் சிங்களத்தில் ஓட்டோவுக்குப் பேரம் பேசத் தெரியாத எங்கட ஆக்கள் எத்தினை பேர்? பரந்தனில் இருந்து தம்புள்ளைக்கு மரக்கறி லொறியில் போற பெடியன் ஆறு மாசத்தில் சிங்களத்தில் சண்டையே பிடிப்பான். மொழி இல்லாட்டி அவனுக்கு அண்டைக்குக் காசு இல்லை. சலமாங்காவிலும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் படிப்பு, ஆங்கிலத்தில் சிநேகிதம், தமிழில் வட்சப் எண்டு இருந்தால் வருச முடிவில் கோப்பி வாங்கத் தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்க அரசு தன்ர இராஜதந்திரிகளுக்கு வேலைக்குக் காணுமான ஸ்பானிஷ் படிப்பிக்க 600 முதல் 750 வகுப்பு மணித்தியாலம் ஒதுக்குது. உங்கட ஐந்து மாசத்தில் வாறது 150. அதால் சரளமாகக் கதைக்கப் பழகிப் போகலாம் எண்டு நினைக்காதேங்கோ. காது பழகி, வாய் திருந்திப் போனால் காணும்.

முதல் மூண்டு கிழமையும் உச்சரிப்புக்கே குடுங்கோ. தமிழ் வாய்க்கு இந்த மொழி நல்லாப் பொருந்தும், ஆனால் ஆங்கிலத்துக்கால் சுத்திப் போனால் அந்த லாபம் போயிடும். ஸ்பானிஷில் ட எண்ட ஒலி இல்லை, எல்லாம் பல்லில் நாக்குப் படுற த. தக்காளி 'தொமாத்தே', கடை 'தியெந்தா'. ஆங்கில எழுத்தைக் கண்டவுடன வாய் 'டொமாட்டே' எண்டு போகும், அதைத் தொடக்கத்திலேயே வெட்டுங்கோ. 'நாதா' எண்ட சொல்லின்ர நடுவில் வாறது, நாங்கள் 'அது' எண்டு சொல்லேக்கை வாற அதே மெல்லிய த. ஞ அப்பிடியே இருக்கு: எஸ்பாஞா, நிஞோ. ஒற்றை ர வும் எங்கட ர தான்.

சறுக்கிற இடம் வேற. 'பஸ்' எண்டேக்கை வாற ப வும் 'பல்' எண்டேக்கை வாற ப வும் எங்களுக்கு எழுத்தில் ஒண்டு. அங்கை அது சொல்லையே மாத்திப்போடும். பஸ்ஸின்ர ப போட்டு 'பாஞோ' எண்டால் கழிவறை, பல்லின்ர ப போட்டால் துணி. 'பேசோ'வும் அப்பிடித்தான்: முதலாவது முத்தம், மற்றது நிறை. மரக்கறிக் கடையில் நிறையைக் கேக்கேக்கை கவனம். க எழுத்துக்கும் இதே சிக்கல்தான். அதால கொப்பியில் ஸ்பானிஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்காதேங்கோ. நான் இதில் தமிழில் எழுதுறது உங்களுக்கு விளங்கத்தான்.

உருட்டுற ற: சொல்லின்ர தொடக்கத்தில் வாற ர எல்லாம் உருட்டல்தான். நடுவில் ரெட்டையாக எழுதியிருந்தாலும் உருட்டல். 'பெரோ' எண்டு ஒருக்காத் தட்டினால் 'ஆனால்', உருட்டினால் நாய். 'காற்று' எண்டேக்கை நாக்கு நுனி படுற இடத்தில் நாக்கைத் தளர்த்தி வைச்சுக் காத்தை ஊதுங்கோ, ரெண்டு மூண்டு தரம் அதிரவேணும். நாக்கை இறுக்கினால் வராது. அனேகமாக எல்லாரும் பிழைக்கிறது அதிலதான்.

நெடில் குறிலை விடுங்கோ, ஸ்பானிஷில் அது சொல்லை மாத்தாது. அழுத்தம்தான் மாத்தும். 'ஆப்லோ'வில் முன்னுக்கு அழுத்தினால் 'நான் கதைக்கிறன்', பின்னுக்கு அழுத்தினால் 'அவர் கதைச்சார்'. சொல் உயிரிலோ ன், ஸ் எண்ட ஒலியிலோ முடிஞ்சால் கடைசிக்கு முதல் அசையில் அழுத்தம். வேற மெய்யில் முடிஞ்சால் கடைசி அசையில். இதுக்கு விலகினால் எழுத்துக்கு மேல கோடு போட்டிருக்கும். இவ்வளவுதான் விதி, வேற மொழியில் இவ்வளவு நேர்மை கிடையாது.


கோணாவில்_காற்று:

உச்சரிப்புக்கு மூண்டு கிழமையோ? முதல் நாளே வாயைத் திறக்கவேணும். பிழையாக் கதைச்சால்தான் திருந்தும்.


இரணைமடு_கட்டு:

திருத்திறதுக்கு ஆள் இருந்தால் சரி. கிளிநொச்சியில் தனிய இருந்து கதைக்கேக்கை பிழைதான் பழகும். பழகின பிழையைக் கழட்டுறது புதுசாப் படிக்கிறதை விடப் பாடு. ரீச்சர் ஒருத்தர் கிடைச்ச நாளில் இருந்து நீங்கள் சொல்லுறதுதான் சரி.


முறிப்பு_ரீச்சர்:

இலக்கணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஸ்பானிஷ் பாடநூல் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான் கிடைக்கும். விளக்கத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள், ஆனால் வசனத்தைத் தமிழோடு பொருத்திப் பாருங்கள். ஆங்கிலக்காரர் மாதக்கணக்கில் திணறும் இடங்கள் சில நமக்கு வீட்டுக் கதைதான்.

'எனக்குக் கோப்பி பிடிக்கும்' என்பதை அவர்களும் எனக்கு என்றே தொடங்குகிறார்கள்: மே குஸ்தா எல் கஃபே. 'எனக்குத் தலை இடிக்குது' என்பதும் அப்படியே: மே துவேலே லா கபேசா. ஆங்கிலத்தில் யோசித்தால் 'நான்' என்று தொடங்கிக் குழம்புவீர்கள். வினை விகுதியே ஆளைக் காட்டுவதால் நான், நீ என்று ஒவ்வொரு வசனத்திலும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் வலியுறுத்துவதுபோல ஒலிக்கும், நாமும் அப்படித்தானே. 'வீடு பார்த்தேன்' ஆனால் 'மரியாவைப் பார்த்தேன்' என்று ஆளுக்குக் கட்டாயம் ஐ போடுகிறோம். ஸ்பானிஷில் ஆளுக்கு முன்னால் 'ஆ' வரும், வீட்டுக்கு வராது.

'இருத்தல்' என்பதற்கு அங்கே இரண்டு வினை: சேர், எஸ்தார். தமிழ் வசனத்தில் வினையே இல்லாவிட்டால் (அவர் டொக்டர், இது என் அக்கா) சேர். 'இருக்கு' வந்தால் (கோப்பி சூடா இருக்கு, அம்மா வீட்டில் இருக்கிறா) எஸ்தார். இது முக்கால்வாசி இடத்தில் கைகொடுக்கும். உடையும் இடம், ஆளின் நிலையான தன்மை: 'அவள் உயரமா இருக்கிறாள்' என்பதற்கு நாம் 'இருக்கு' போட்டாலும் அவர்கள் சேர்தான் போடுவார்கள்.

நமக்கு உண்மையான தலையிடி, உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் இருப்பது. மேசை பெண், புத்தகம் ஆண். இதற்குக் குறுக்குவழி கிடையாது. சொல்லைத் தனியாகப் பாடமாக்காமல் எல், லா என்ற முன்சொல்லோடு ஒட்டி ஒரே சொல்லாகப் பாடமாக்குங்கள். ஆ வில் முடிந்தால் பெண், ஓ வில் முடிந்தால் ஆண் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அடிக்கடி வரும் சொற்களே விலகும்: லா மானோ (கை), எல் ப்ரொப்லேமா, எல் தீயா (நாள்).

ஒரு மணித்தியாலத்தைப் பிரிப்பது: இருபது நிமிடம் மெதுவான பேச்சைக் கேட்பது, அதே ஒலிப்பதிவை மூன்று நான்கு தரம். இருபது நிமிடம் சொல் அட்டை, அங்கி (Anki) என்ற செயலியில் போட்டால் அதுவே மறக்கும் தறுவாயில் திரும்பக் காட்டும். மிச்சம் வாய்விட்டு வசனம். டுவோலிங்கோ மட்டும் போதாது, அது சொல் பழக்கும், எதிரில் நிற்கும் ஆளுக்குப் பதில் சொல்லப் பழக்காது. எண்ணும் நேரமும் விலையும் காதால் பழகுங்கள். எழுத்தில் தெரிந்த எண், கடைக்காரர் வாயில் வந்தால் பிடிபடாது.

கிழமைக்கு இரண்டு தரம் இணையத்தில் தனி ஆசிரியர் ஒருவரோடு அரை மணித்தியாலம் கதையுங்கள். கிளிநொச்சியில் காலை 6 மணி என்றால் மெக்சிக்கோ நகரத்திலும் குவாத்தமாலாவிலும் முதல் நாள் மாலை 6.30. வெயில் ஏறமுன் முடிந்துவிடும். ஸ்பெயின் ஆசிரியர் என்றால் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம், அவர்களின் பிற்பகல் 3 மணி நமக்கு மாலை 6.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறுடன் அது நாலரையாகும். கட்டணத்துக்கு வங்கி அட்டையை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்துவிடும்படி முன்கூட்டியே கேளுங்கள். ஊர் ஊராக உச்சரிப்பு மாறும் என்று பயப்பட வேண்டாம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'கிராசியாஸ்' சொல்லில் சி வரும் இடத்தில் நாக்கு நுனி பல்லுக்கு நடுவே வரும், லத்தீன் அமெரிக்காவில் வராது. இரண்டும் எல்லாருக்கும் விளங்கும்.


பாலைப்பழம்:

நன்றி ரீச்சர், 'இருக்கு' விசயம் உடனே விளங்கிச்சுது. தங்கிற இடம் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சலமாங்கா மொழி படிக்க நல்ல இடமோ? ஆரோ வலென்சியா நல்லம் எண்டவை.


மாங்குளம்_சந்தி:

சலமாங்கா நல்ல இடம். பல்கலைக்கழகம் 1218 இல் தொடங்கினது, ஊரே படிப்பை நம்பித்தான் இருக்கு, பேச்சும் தெளிவு. வலென்சியாவில் வலென்சியானோ மொழியும், பார்சலோனாவில் கத்தலானும் தெருவில் ஓடும். ஸ்பானிஷ் மட்டும் காதில் விழவேணும் எண்டால் சலமாங்கா இருக்கிற காஸ்தீயா பக்கம் சுகம். தெற்கே அந்தலூசியாவில் சொல்லின்ர கடைசி ஸ் ஐ விழுங்குவினம், தொடக்கக்காரருக்குக் கஷ்டம்.

ஆனால் சலமாங்காவில் ஒரு பொறி இருக்கு. உலகம் முழுக்க இருந்து மொழி படிக்க வாற ஆக்கள் அங்கைதான் குவியினம். பத்து வெளிநாட்டார் சேர்ந்தால் ஆங்கிலம்தான் ஓடும். முதல் கிழமையில் எந்தக் கூட்டத்தோடை சேருறீங்களோ, வருசம் முழுக்க அந்த மொழிதான். பிறகு குழு மாறுறது கஷ்டம்.

தங்குமிடத்துக்கு, முதல் நாலு கிழமை குடும்பத்தோடை இருந்துபோட்டுப் பிறகு பகிர்ந்தெடுக்கிற வீட்டுக்கு மாறுறது நல்லம். குடும்பத்தில் சாப்பாட்டு மேசைப் பேச்சு கிடைக்கும், ஆனால் சில வீடுகள் ஒரே நேரத்தில் மூண்டு நாலு மாணவரை வைச்சிருக்கும், அவை தங்களுக்குள்ளை ஆங்கிலம் கதைப்பினம். பதியமுன்னம் கேளுங்கோ: இப்ப எத்தினை பேர் தங்கியிருக்கினம், என்ன மொழிக்காரர், வீட்டார் கூட இருந்து சாப்பிடுவினமோ? மூண்டாவது கேள்விதான் முக்கியம். சாப்பாட்டை மேசையில் வைச்சிட்டு உள்ளுக்குப் போற வீடு உங்களுக்கு வேண்டாம்.

பகிர்ந்தெடுக்கிற வீட்டில் குறைஞ்சது ரெண்டு பேர் ஸ்பெயின்காரராக இருக்கவேணும். ஒருத்தர் மட்டும் எண்டால் அவர் உங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறுவார். ரெண்டு பேர் எண்டால் அவை தங்களுக்குள்ளை கதைக்கிறதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம், அதுதான் பெறுமதி. இடத்தைக் கண்ணால பார்க்கமுன்னம் இங்கை இருந்து முற்பணம் அனுப்பாதேங்கோ. ஒரு மாச வாடகை வைப்பாகக் கேக்கிறது அங்கை வழமை. வீட்டு விலாசத்தில் உங்களை நகரசபையில் பதிய விடுவினமோ எண்டதையும் முதலே கேளுங்கோ. அந்தப் பதிவை 'பத்ரோன்' எண்டுவினம். சில வீட்டுக்காரர் மறுப்பினம், பிறகு அரச அலுவல் ஒவ்வொண்டுக்கும் அலையவேணும்.

மத்தியானச் சாப்பாடு ரெண்டு, மூண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்துக்கு. எட்டுக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுக்கிற எங்கட பழக்கத்தோடை இருந்தால், வீட்டில் எல்லாரும் ஆறுதலாக இருந்து கதைக்கிற நேரம் முழுக்க உங்களுக்குத் தப்பும். மத்தியானம் நித்திரை கொள்ளுங்கோ, இரவில் மேசையில் இருங்கோ.

ஆங்கிலத்துக்கு அவை மாறினால் கோவிக்காமல் ஸ்பானிஷிலேயே பதில் சொல்லிக்கொண்டு இருங்கோ. 'எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ' (படிச்சுக்கொண்டிருக்கிறன்) எண்டால் பெரும்பாலும் திரும்ப மாறுவினம். கூட்டமான நேரத்தில் பொறுமை இராது. பிளாசா மாயோர் எண்ட பெரிய சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மத்திய சந்தைக்குச் சனிக்கிழமை போகாமல் கிழமைநாள் காலையில் போங்கோ, ஒவ்வொரு முறையும் அதே கடைக்கு. அங்கை வரிசையில் நிக்கிற வழக்கம் குறைவு. வந்தவுடன 'கியென் எஸ் எல் ஊல்திமோ?' (கடைசி ஆள் ஆர்?) எண்டு பொதுவாகக் கேக்கவேணும். கை காட்டுறவருக்குப் பிறகு உங்கட முறை. அடுத்து வாற ஆள் கேட்டால் நீங்கள் 'யோ' (நான்) எண்டு சொல்லவேணும். இது தெரியாமல் நிண்டால் எல்லாரும் உங்களுக்கு முன்னால வாங்கிக்கொண்டு போவினம், நீங்கள் அவைக்கு மரியாதை இல்லை எண்டு நினைப்பீங்கள்.

மரியாதை எண்டதும் ஒண்டு. நீ, நீங்கள் மாதிரி 'தூ', 'உஸ்தேத்' இருக்கு. நாங்கள் பழக்கத்தில் எல்லாருக்கும் உஸ்தேத் போடுவம். ஸ்பெயினில் கூடப் படிக்கிற, கூட இருக்கிற ஆளுக்கு அப்பிடிச் சொன்னால் தூர வைக்கிற மாதிரி. விரிவுரையாளரையே தூ எண்டு கூப்பிடுற இடம் கன இருக்கு. வயசான ஆக்கள், கந்தோர் ஆக்களுக்கு உஸ்தேத்.

மூண்டாம் மாசத்துக்குப் பிறகுதான் பெரிய தேக்கம் வரும். கடை, பஸ், சாப்பாடு எல்லாம் சமாளிக்கலாம், எல்லாம் நிகழ்காலத்தில் சொன்னாலும் ஆக்களுக்கு விளங்குது, அதால ஒருத்தரும் திருத்தாயினம். அதிலேயே நிண்டுபோன ஆக்கள் கனபேர். உடைக்க ஒரு வழி: ஒவ்வொரு இரவும் அண்டைக்கு நடந்ததைப் போனில் மூண்டு நிமிசம் பதிஞ்சு, கிழமைக்கு ஒருக்கா அதில் ஒண்டை ஆசிரியரிட்டைப் போட்டுக் காட்டுங்கோ. இறந்தகாலம் கட்டாயம் வரும். 'போனன்'க்கும் 'போறனான்'க்கும் உள்ள வித்தியாசம் அவையின்ர ரெண்டு இறந்தகாலத்துக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும், அதைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

வகுப்புக்கு அரச மொழிப் பள்ளி, எஸ்குவேலா ஒஃபிசியால், சலமாங்காவில் இருக்கு. தனியார் பள்ளியை விட நல்ல மலிவு. பதிவுக்காலம் பிந்தினால் ஒரு வருசம் போயிடும், இப்பவே அவையின்ர தளத்தைப் பாருங்கோ. வகுப்புக்கு வெளியில் கரப்பந்தாட்டம், தேவாலயப் பாடகர் குழு, உணவு வங்கித் தொண்டு, ஏதோ ஒண்டில் கிழமைக்கு ஒருக்கா நிண்டால் காணும். மொழிப் பரிமாற்றச் சந்திப்புகளைப் பெரிசா நம்பாதேங்கோ, பாதி நேரம் ஆங்கிலம்தான்.

வீட்டுக்குக் கதைக்கிறதை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஊரில் இரவு 8 மணி அங்கை பின்னேரம் நாலரை, குளிர்காலத்தில் மூண்டரை. ஒரு நேரம் குறிச்சுக் கதையுங்கோ. நாள் முழுக்கத் தமிழ் காணொளி ஓடுற போன்தான் ஆளைக் கெடுக்கிறது.


வவுனிக்குளம்:

குவாத்தமாலா பற்றி. சொன்னவர் பிழை சொல்லேல்லை. அன்ரிகுவா, கெற்சால்ரெனாங்கோ ரெண்டு ஊரிலும் ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர் முறைதான் வழமை, ஒரு நாளைக்கு நாலைந்து மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், வீட்டாரோடை தங்கல். சாப்பாட்டில் ஞாயிறு பெரும்பாலும் சேராது. ஸ்பெயினில் அந்தக் காசுக்கு அப்பிடி ஆசிரியர் கிடைக்காது. கெற்சால்ரெனாங்கோ 2,300 மீற்றர் உயரம், இரவில் நல்ல குளிர்.

ஆனால் இலங்கைப் பாஸ்போட்டோடை வழிதான் பிரச்சினை. அமெரிக்க விமான நிலையத்தில் மாறினாலே அமெரிக்க இடைவழி விசா வேணும். மட்ரிட்டில் மாறினாலும் இலங்கையர் ஷெங்கன் விமான நிலைய இடைவழி விசா எடுக்கவேண்டிய பட்டியலில் இருக்கினம். குவாத்தமாலா விசா வேற. ஐந்து மாசத்தில் இத்தினையும் முடிச்சு, பிறகு ஸ்பெயின் மாணவர் விசாவுக்கும் நிக்கிறது சரிவராது. அந்த ஆசிரியர்மாரையே இணையத்தில் பிடியுங்கோ, ரீச்சர் சொன்ன காலை 6 மணி அவைக்குத்தான் பொருந்தும். 'வொசோத்ரோஸ்' (நீங்கள் எல்லாரும்) எண்ட பன்மை அங்கை இல்லை, ஸ்பெயினில் இருக்கு, அதை மட்டும் தனியப் படியுங்கோ.


முறிப்பு_ரீச்சர்:

ஸ்பானிஷ் சோதனை எழுத எண்ணம் இருந்தால் தெலே (DELE), சியேலே (SIELE) என்று இரண்டு வழி உண்டு. தெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. சியேலே கணினியில் எழுதுவது, ஐந்து வருடம் செல்லும், பெறுபேறு சீக்கிரம் வரும். தெலேயில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொன்று. ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியே 50க்கு 30 எடுக்க வேண்டும், ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் சித்தி இல்லை. நம் பிள்ளைகள் எழுத்தில் எடுத்துக் கேட்டலில் விழுவார்கள். ஒரு வருட முடிவில் பி1 என்ற இடைநிலைத் தரத்துக்குக் குறி வையுங்கள், சரளம் வந்தால் அதற்கு மேலுள்ள பி2.


மாங்குளம்_சந்தி:

சாப்பாடு விட்டுப்போச்சு. 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) எண்டு மட்டும் சொன்னால் காணாது. ஹமோன் எண்ட உப்புப் பன்றித் தொடையையும், ரின் மீனையும் கனபேர் இறைச்சிக் கணக்கில் சேர்க்காயினம். ஒவ்வொண்டாகச் சொல்லுங்கோ: 'நோ கோமோ செர்தோ, நி ஹமோன், நி தெர்னேரா', அதாவது பன்றி, ஹமோன், மாடு மூண்டும் இல்லை. வெள்ளிக்கிழமையில் 'நி பெஸ்காதோ' (மீனும்) எண்டதையும் போடுங்கோ.

பருப்புக் கறி மாதிரி இருக்கிற 'லெந்தேஹாஸ்' இல் பன்றிச் சொசேச் கிடக்கும். சலாட்டுக்கு மேல ரின் மீன் வரும். குரோக்கேத்தாவுக்குள்ளை ஹமோன். சலமாங்காவின்ர பேர்போன 'ஓர்னாசோ' வெளியில் பார்த்தால் எங்கட பேக்கரிப் பணிஸ் மாதிரி, வெட்டினால் உள்ளுக்கு முழுக்கப் பன்றி. நத்தார் நேரம் தட்டில் நீட்டுற 'போல்வோரோன்' எண்ட மா இனிப்பில் பன்றிக் கொழுப்புத்தான் வழமை, பெட்டியைத் திருப்பி 'மந்தேகா தே செர்தோ' எண்டு இருக்கோ பாருங்கோ. முட்டை சாப்பிட்டால் 'தொர்த்தீயா தே பத்தாத்தாஸ்' எங்கையும் கிடைக்கும், முட்டையும் உருளைக்கிழங்கும்தான்.

மற்றது, விசா ஆறு மாசத்துக்கு மேல எண்டால் போய் இறங்கி ஒரு மாசத்துக்குள்ளை வெளிநாட்டார் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவேணும். பொலிஸ் கந்தோரில் நேரம் எடுக்கிறதுதான் இழுபடும், இறங்கின கிழமையே இணையத்தில் பதியுங்கோ. அங்கை ஆங்கிலம் கிடைக்கும் எண்டு நம்பிப் போகாதேங்கோ, பேர், பிறந்த திகதி, விலாசம், பாஸ்போட் இலக்கம் நாலையும் ஸ்பானிஷில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லப் பழகிப் போங்கோ. எங்கட நீளப் பேருக்கு அது கட்டாயம். குடும்பப் பேர் எது, சொந்தப் பேர் எது எண்டும் கேப்பினம். அப்பான்ர பேர் எந்தப் பெட்டிக்குள்ளை போகுது எண்டதை விசாவில் இருக்கிற மாதிரியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கோ.


பாலைப்பழம்:

எல்லாருக்கும் நன்றி. திங்கள் காலை 6 மணிக்குக் குவாத்தமாலா ரீச்சர் ஒருத்தரோடை முதல் வகுப்பு போட்டிருக்கிறன். ற இன்னும் உருளேல்லை.


இரணைமடு_கட்டு:

நாக்கை இறுக்காதேங்கோ தங்கச்சி.